பாட்டு யாருடையது? பள்ளிக் காணொலிகளும் பதிப்புரிமையும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய நடுநிலைப் பள்ளி ஒன்று. ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாரதியார் பாடல் ஒன்றுக்கு ஆடினார்கள். மாலை நேரத்தில் மீன் விற்கப் போய்விடும் தாய்மார்கள் பலரால் விழாவுக்கு வர முடியவில்லை. அவர்களுக்காகவே வகுப்பாசிரியை நடனத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, பள்ளியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றினார். சற்று நேரத்தில் பதிப்புரிமைக் கோரிக்கை என்ற அறிவிப்போடு காணொலி தடுக்கப்பட்டது. யூடியூப் காட்டிய வழிகளில் 'பாடலின் ஒலியை நீக்கு' என்பதை அவர் அழுத்தினார். படம் திரும்ப வந்தது; பாட்டு வரவில்லை. ஓசையே இல்லாமல் ஆடும் பிள்ளைகளைத்தான் அந்தத் தாய்மார்கள் பார்த்தார்கள்.

"பாரதி பாட்டு நாட்டுடைமை ஆயிற்றே சார், அதற்கு யார் உரிமை கேட்பது?" என்று அந்த ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கலைத் திருவிழா, எண்ணும் எழுத்தும், மாணவர் சேர்க்கை என்று இன்று நாம் எடுக்காத காணொலி இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னணியில் ஒரு பாட்டு ஓடுகிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு விடை நம் எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

ஒரு பாட்டில் மூன்று சொத்து

விடை இதுதான். பாரதியின் வரிகளுக்கு யாரும் உரிமை கேட்கவில்லை. பிள்ளைகள் ஆடியது 2000-இல் வெளிவந்த 'பாரதி' திரைப்படத்தின் பாடலுக்கு. அதன் மெட்டு இளையராஜாவுடையது. அந்த ஒலிப்பதிவோ இசை வெளியீட்டு உரிமை பெற்றவர்களுடையது. கோரிக்கை வந்தது ஒலிப்பதிவுக்காக.

நாம் 'ஒரு பாட்டு' என்று சொல்வதை 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மூன்றாகப் பார்க்கிறது. எழுதப்பட்ட வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டும் இசையமைப்பும் ஓர் இசைப் படைப்பு. பாடி, வாசித்து, பதிவு செய்யப்பட்ட ஒலி மூன்றாவது படைப்பு. மூன்றுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறாக இருக்கலாம். உரிமை முடியும் ஆண்டும் வேறு வேறாக இருக்கலாம். (செய்தித்தாள்களில் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுவார்கள். கண்டுபிடிப்புகளுக்குத் தரும் உரிமைக்கும் அதே சொல் வழங்குவதால் மாணவர்களுக்குக் குழப்பம் வருகிறது. வகுப்பில் 'பதிப்புரிமை' என்றே சொல்லிப் பழக்குவது நல்லது.)

வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 50 ஆண்டு முடிந்து பொதுவுடைமையாக இருந்த வேளையில், 1992-இல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். ஒலிப்பதிவுக்கும் 60 ஆண்டுகள்தான். ஆனால் அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு.

கணக்கு ஆசிரியர்கள் இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். 'அரசிளங்குமரி' படத்தில் சின்னப் பையன் ஒருவனுக்கு அறிவுரை சொல்வதுபோல் ஒரு பாட்டு வரும். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், மறைவு 1959. இசை ஜி. ராமநாதன், மறைவு 1963. படம் வெளியானது 1961. அப்படியானால் வரிகள் 2019 முடிவில், ஒலிப்பதிவு 2021 முடிவில், மெட்டு 2023 முடிவில் பொதுவுடைமை ஆகிவிட்டன. மூன்று பூட்டும் திறந்த பாட்டு. 'பாரதி' படப் பாடலுக்கு அதே கணக்கைப் போட்டால், ஒலிப்பதிவின் பூட்டு மட்டுமே 2060 முடிவு வரை திறக்காது.

பாரதிக்கு நடந்தது

வரிகளுக்கு உரிமை கேட்க யாரும் இல்லை என்பது தானாக வந்த நிலை அல்ல. பாரதி மறைந்த பிறகு அவர் எழுத்துகளின் உரிமை கைமாறிக் குடும்பத்தில் சி. விசுவநாதனிடம் இருந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியே விலைபோய், பின்னர் ஏவி. மெய்யப்ப செட்டியாரின் கைக்கு வந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது, உரிமை என்னுடையது என்று மெய்யப்ப செட்டியார் வழக்குக்குப் போனார்.

மக்கள் கவிஞன் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்ப செட்டியார் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் 1955-இல் அவை மக்களுக்கே உரியன ஆயின. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். உயர்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுப்பவர்கள் பாரதி பாடத்தோடு இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

நாட்டுடைமை ஆனது பாரதியின் எழுத்து. அதற்குப் பிறகு ஒருவர் போட்ட மெட்டும், இன்னொருவர் செய்த பதிவும் நாட்டுடைமை ஆகவில்லை. அந்த ஆசிரியை இடறியது இந்த ஓர் இடத்தில்தான்.

பள்ளிக்குள் இருக்கும் சுதந்திரம்

இதைக் கேட்டதும் இனி விழாவில் பாட்டே போடக்கூடாதோ என்று சில தலைமை ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். பள்ளிக்குச் சட்டம் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது. பிரிவு 52-இல், கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறல் ஆகாது. பள்ளி நிகழ்ச்சிகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பாடலைப் பாடி நடிப்பதும் அப்படியே. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டவும் இடம் உண்டு. அதற்கு ஒரே நிபந்தனை: பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். அரசு நடத்தும் அலுவல்முறை விழாக்களுக்கும் தனி விலக்கு உண்டு.

ஆகவே அந்தப் பிள்ளைகள் மேடையில் ஆடியதில் எந்தத் தவறும் இல்லை. ஸ்பீக்கரில் திரைப்பாடல் போட்டதிலும் தவறில்லை. யூடியூபில் ஏற்றியபோது பார்வையாளர் வட்டம் மாறிவிட்டது. பெற்றோர் உட்கார்ந்திருந்த பந்தலின் இடத்தில் உலகமே வந்து உட்கார்ந்தது.

2016-இல் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நகலகம் பாடநூல் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றதை எதிர்த்து வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 'கற்பித்தலின்போது' என்ற சொல்லை விரிவாகவே பொருள் கொண்டது. வகுப்பறையில் பாடம் நடக்கும் நேரத்தோடு கற்பித்தல் முடிந்துவிடுவதில்லை என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பைக் காட்டி யூடியூபுக்கும் வாதாடலாமே என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. வாதாடலாம். நான் அதை நம்பி ஒரு பள்ளியின் சேனலை நடத்த மாட்டேன். பாடத்துக்குத் தேவையான பாட்டு வேறு. மாணவர் சேர்க்கைக் காணொலிக்குப் பின்னணியில் ஓடும் பாட்டு வேறு.

மீன் விற்கப் போன தாய்மார்களுக்கு என்ன செய்வது? வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் காணொலியை நேரடியாக அனுப்புவது சட்டத்தின் நோக்கத்துக்கு அருகில் நிற்கிறது. சட்டம் சொல்லும் அதே பார்வையாளர்கள்தானே அங்கே இருக்கிறார்கள். யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' என்று ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் இயந்திரம் பார்க்கும்.

இயந்திரம் எப்படிப் பார்க்கிறது

யூடியூப் 2007-இலிருந்து 'கன்டென்ட் ஐடி' என்ற முறையை வைத்திருக்கிறது. இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களின் மாதிரியை அதில் கொடுத்துவைக்கின்றன. நாம் ஏற்றும் ஒவ்வொரு காணொலியின் ஒலியும் அந்த மாதிரிகளோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை உரிமையாளர் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்: தடுக்கலாம், விளம்பரம் போட்டு வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் வைக்கலாம். ஒரே பாட்டை ஒரு பள்ளி போட்டபோது ஒன்றும் ஆகாமலும், இன்னொரு பள்ளி போட்டபோது தடுக்கப்பட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுமதி கிடைத்து யாரும் தப்பவில்லை. உரிமையாளரின் தேர்வு பாட்டுக்குப் பாட்டு, நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகிறது.

'கோரிக்கை'யும் 'எச்சரிக்கை'யும் ஒன்றல்ல. கோரிக்கை அந்த ஒரு காணொலியோடு நிற்கும். உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லி எழுதினால் வருவதுதான் 'ஸ்ட்ரைக்' எனும் எச்சரிக்கை. 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே நீக்கப்படலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பாடக் காணொலிகளும் அதோடு போகும். கோரிக்கை தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று பூட்டும் திறந்த பழைய பாட்டுக்குக்கூடக் கோரிக்கை வருவதுண்டு. இயந்திரத்துக்கு இறந்த ஆண்டும் வெளியான ஆண்டும் தெரியாது, ஒலி தெரியும். அங்கே மறுப்புத் தெரிவிக்க நமக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதே பாட்டை அண்மையில் யாராவது புதிதாகப் பாடி வெளியிட்டிருந்தால், அந்தப் புதிய பதிவுக்கு உரிமை உண்டு. நம் கையில் இருப்பது எந்தப் பதிவு என்று பார்த்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஆசிரியர் குழுக்களில் சுற்றிவரும் சில நம்பிக்கைகளையும் இங்கே சொல்லிவிடலாம். 20 வினாடிக்குக் குறைவாகப் போட்டால் பிரச்சினை இல்லை என்பார்கள். அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. 'பாடல் உரிமை உரியவருக்கே' என்று கீழே எழுதுவது, உரிமை நம்முடையது அல்ல என்று நாமே ஒப்புக்கொள்வது மட்டும்தான். 'காசு வாங்கவில்லையே' என்பது பாதி உண்மை. பிரிவு 63-இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. வணிக ஆதாயம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். மீறல் மீறலாகவே இருக்கும்.

திரைமெட்டில் வாய்ப்பாடு

இதுதான் நம்மில் பலருக்கு நெருக்கமான விஷயம். வாய்ப்பாட்டை, தனிமங்களின் பெயர்களை, ஆங்கில வினைச்சொற்களைப் புகழ்பெற்ற திரைமெட்டில் பாடவைக்கிறோம். பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வகுப்பில் இதைத் தொடருங்கள். யூடியூபில் ஏற்றும்போது மட்டும், வரிகள் நம்முடையவை, மெட்டு நம்முடையதல்ல என்பது நினைவில் இருக்கட்டும். பிள்ளைகளே பாடினாலும், கருவி எதுவும் இல்லாவிட்டாலும், மெட்டின் உரிமை மெட்டுப் போட்டவரிடமோ அவரிடமிருந்து பெற்றவரிடமோதான். கன்டென்ட் ஐடி மெட்டையும் அடையாளம் காணும்.

அனுமதி கேட்டுவிடலாமே என்றால், யாரிடம் கேட்பது என்பதே பெரிய கேள்வி. 2017-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கு இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு போனது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாடலைப் பயன்படுத்தியதற்கும் அறிவிப்பு போனது. உரிமை பெற்றுத்தான் பயன்படுத்தினோம் என்றது படத் தரப்பு. இசையமைப்பாளரா, தயாரிப்பாளரா, இசை நிறுவனமா என்று பெரியவர்களுக்கே வழக்காக இருக்கும்போது, ஒன்றியப் பள்ளி ஆசிரியர் கடிதம் எழுதிப் பதில் பெறுவது நடக்கிற காரியமா?

கும்மி மெட்டு இருக்கிறது. தெம்மாங்கு, நொண்டிச்சிந்து, ஏற்றப்பாட்டு, வலை இழுக்கும்போது பாடும் ஏலேலோ எல்லாம் இருக்கின்றன. கும்மியில் ஏழாம் வாய்ப்பாடு அருமையாக உட்காரும், பாடிப் பாருங்கள். கை தட்டு ஒவ்வொன்றும் ஒரு பெருக்கல். முதலில் சொன்ன பள்ளியில் அடுத்த பருவத்தில் இதைத்தான் செய்தார்கள். பாரதியின் இன்னொரு பாடலை எடுத்து, பிள்ளைகளே ஒரு மெட்டுப் போட்டு, ஒரு பையன் பறை வாசிக்க, நான்கு பெண் பிள்ளைகள் பாட, மற்றவர்கள் ஆடினார்கள். சுருதி சற்று அலைந்தது. பாட்டு முழுதாகக் கேட்டது. வரிகள் நாட்டுடைமை, மெட்டும் பதிவும் அந்தப் பிள்ளைகளுடையவை.

பின்னணிக்கு வெறும் இசை போதும் என்றால் யூடியூபின் ஒலி நூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வரும் இசையையும் எடுக்கலாம். படைத்தவர் பெயரைக் குறிப்பிடச் சொன்னால் குறிப்பிட வேண்டும், மாற்றக்கூடாது என்றால் வெட்டக்கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒலிப்பதிவைத் தேடவே வேண்டாம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே, இசைத்தட்டைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் 55 வினாடிகளில் பாட வேண்டும் என்கிறது.

வகுப்பில் ஒரு பாடவேளை

ஒன்பதாம் வகுப்பில் இதை நான் நடத்தும் முறை எளிது. கரும்பலகையில் மூன்று கட்டம்: வரிகள், மெட்டு, பதிவு. மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டைச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் யார் பெயர் வரும் என்று தேடி எழுத வேண்டும். முதலில் எல்லோரும் நடிகர் பெயரை எழுதுவார்கள். அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள்.

அப்போது நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வைச் சொல்வேன். 2022-இல் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில், 'என்ஜாய் எஞ்சாமி' பாடலைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். 2021-இல் வெளியான மூலப் பாடலின் வரிகளை எழுதித் தீயோடு பாடிய அறிவு அந்த மேடையில் இல்லை. சில நாட்களில் அவர் பாடலின் உருவாக்கத்தில் தன் உழைப்பைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் விளக்கங்களை வெளியிட்டார்கள். 2024-இல், அத்தனை கோடிப் பேர் பார்த்த அந்தப் பாட்டிலிருந்து கலைஞர்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். யார் சரி என்று வகுப்பில் தீர்ப்புச் சொல்வதில்லை. மூன்று கட்டத்தில் எந்தப் பெயரை எங்கே எழுதுவது என்று மட்டும் கேட்பேன். அன்றைக்கு மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பாட்டி பாடினால்

கடைசியாக, நாட்டுப்புறப் பாட்டு. மாசி மகத்தன்று இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். கன்னியம்மனை வழிபட்டு, மணலிலேயே தங்கி, திருமணங்களும் நடத்துகிறார்கள். பாட்டும் ஆட்டமும் உண்டு. திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பள்ளிகளில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். அவர்கள் பாட்டிமார் பாடுவதைப் பதிவு செய்து வகுப்பில் கேட்கவைப்பது மிக நல்ல பாடம். வழிவழியாக வரும் அந்தப் பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லை. அதனாலேயே பலர் கேட்காமல் பதிவு செய்து, பெயரும் போடாமல் ஏற்றிவிடுகிறார்கள்.

பாட்டுக்கு உரிமை இல்லாவிட்டாலும் பாடுபவருக்கு உரிமை உண்டு. பிரிவு 38, பாடுபவரையும் ஆடுபவரையும் 'நிகழ்த்துநர்' என்று ஏற்று, நிகழ்த்துதலுக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012-இல் வந்த திருத்தம் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையையும் சேர்த்தது. கற்பித்தலுக்கு மட்டும் பதிவு செய்தால் விலக்கு உண்டு. ஊருக்கே காட்டினால் அந்த விலக்கு நிற்காது. பெரிய இசை நிறுவனத்தின் பாட்டுக்கு அஞ்சி ஒலியை நீக்கும் நாம், கேள்வி கேட்க ஆளில்லாத ஒரு மூதாட்டியின் குரலைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத்தில் ஒப்புதல் வாங்குவது சங்கடமாக இருந்தால், பதிவைத் தொடங்கும்போதே அவரைத் தன் பெயரையும் ஊரையும் சொல்லச் செய்யலாம். இதை யூடியூபில் போடலாமா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அதே பதிவில் வைத்துக்கொள்ளலாம். யூடியூப் என்றால் என்ன, யார் யார் பார்ப்பார்கள் என்பதை அவருடைய பேரப்பிள்ளையை விட்டே விளக்கச் சொன்னால் நன்றாகப் புரியும். வேண்டாம் என்றால் வகுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போடலாம் என்றால் காணொலியின் தலைப்பிலேயே அவர் பெயர் வர வேண்டும். ஏற்றிய பிறகு அவரிடம் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு, பின்னாளில் எடுத்துவிடச் சொல்ல நினைத்தால் யாரிடம் சொல்லியனுப்புவது என்பதையும் சொல்லிவிட்டு வர வேண்டும்.